அப்பா நேராக்கிய ஓடை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டுவதில் அப்பாவை அடிக்க ஆள் கிடையாது. மழைத்தண்ணீர் செடியின் அடிமண்ணை அரிக்காமல் வடிந்துபோக மலையில் வெட்டுகிற வடிகால்தான் கான். அப்பா வெட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று வெள்ளைக்காரத் துரை ஒருநாள், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோணலாக இருப்பதெல்லாம் அவர் கண்ணை உறுத்தத் தொடங்கியது.

முதலில் அகப்பட்டது, நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த ஓடை. எங்கள் மரக்கறிப் பாத்தியைச் சுற்றி வளைந்து நெளிந்து, கல்லில் மோதி, அவசரமே இல்லாமல் போகும். அதை நேராக்கினால் உருளைக்கிழங்கு போட இன்னும் இடம் கிடைக்கும். கிழங்கை விற்றுத்தான் தை மாதம் அக்காவின் கல்யாணத்தை நடத்த வேண்டும்.

"அது பாட்டுக்குப் போயிக்கிட்டிருக்கு. ஒங்கள என்னங்க பண்ணிச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"தண்ணிக்கு வழிகாட்ட எனக்கே சொல்லித் தர்றியாக்கும்?" என்றார் அப்பா. கடப்பாரையால் கற்களைப் புரட்டி ஓரத்தில் குவித்தார். ஓடை கான் மாதிரியே ஆகிவிட்டது; மிச்சமான இடத்தில் கிழங்கு நட்டார். லயத்து ஆட்கள் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள்.

ஆடி மழை பிடித்தது. வளைவுகளில் தங்கித் தங்கி வந்த தண்ணீர், தடுக்க ஒரு கல்லும் இல்லாமல் ஒரே ஓட்டமாக வந்து கரையை உடைத்தது. கிழங்குப் பாத்தி மண்ணோடு மலைக்குக் கீழே டிக்கோயாப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவளைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. அம்மா எப்போதும்போல அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஏசியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மழை விட்டதும் அப்பா, குவித்த கற்களுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். வீட்டில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர் அவர்.

"பாப்பா, நீ ஒக்காந்து கால் நனைப்பியே, அந்தக் கல்லு எங்க கெடந்துச்சு?"

காட்டினேன். உருட்டிக்கொண்டு வந்து அங்கேயே வைத்தார். அடுத்த கல்லையும் கேட்டார். தண்ணீர் எங்கே சுழலும், எங்கே சத்தமில்லாமல் போகும், நண்டு எந்த இடுக்கில் இருக்கும் என்றெல்லாம் விசாரித்தார். நான் கைகாட்டிய இடத்திலெல்லாம் மறுபேச்சில்லாமல் கல்லைப் போட்டார். அக்காவின் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

பிறந்ததிலிருந்து அந்த லயத்திலேயே இருக்கிற மனிதருக்கு இவ்வளவு மறதியா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மறப்பதற்கு அப்பா அந்த ஓடையை அதுவரை பார்த்ததே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.