‘சூடு’ பட்ட பாடு

போன கிழமை நான் கொழும்புக்குப் போய்வந்த கதையைப் பாடசாலையிலும் வீட்டிலுமாக ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்லாமல் விட்டால் கோபிக்கமாட்டீர்களா?

கொழும்பில் மொழியியல் சங்கம் ஒன்று இருக்கிறது. முழு நாட்டுக்குமான சங்கம். மொழியை ஆராய்கிறவர்களையும் படிப்பிக்கிறவர்களையும் ஒன்றுசேர்ப்பது அதன் வேலை. வருடத்துக்கு ஒரு கூட்டம் வைப்பார்கள். பேராசிரியர்கள் கட்டுரை வாசிப்பார்கள், பேராசிரியர்கள் கேட்பார்கள், பேராசிரியர்களே தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைவார்கள். இந்த வருடம் என்ன நினைத்தார்களோ... பாடசாலை ஆசிரியர்களும் தங்கள் ஊர்ப் பேச்சைப் பதிவு செய்து கொண்டுவரலாம் என்று கடிதம் அனுப்பியிருந்தார்கள். கசட்டும் பஸ் செலவும் சங்கமே தரும்.

நான் கல்முனைக்குடியில் தமிழ் படிப்பிக்கிறவள். கடிதத்தைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தவர் பாண்டிருப்பு தங்கேஸ்வரி டீச்சர். பயிற்சிக் கலாசாலையில் ஒன்றாகப் படித்தோம். என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நடை தூரம்தான். ஆனால் என்னுடையது முஸ்லிம் ஊர், அவருடையது தமிழ் ஊர்; சண்டை மூண்ட இந்தச் சில வருடங்களில் அந்தத் தூரத்தை நாங்கள் எத்தனை தடவை நடந்திருப்போம்? ஒரு கை விரல் போதும், எண்ணுவதற்கு.

சங்கத்தின் கடிதத்தைக் காட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். ஓம் என்றார்.

இரண்டு மாதம் ஓடித் திரிந்தோம். மீன் விற்கிற பெண்கள், நெசவு வீட்டுக்காரர்கள் என்று நாலு கசட் நிறைந்தது. அதில் ஒரு முழுக் கசட் வயல் செய்கிற ஒரு காக்காவின் பேச்சு; எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். விதைப்பிலிருந்து நெல் வீடு வந்து சேரும் வரை ஒரு மணி நேரம் கதைத்தார். கதைப்பதற்கு முன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“எண்ட பேர் மட்டும் எங்கயும் வரப்படாது. பேச்ச எடுங்க, பேர உடுங்க.”

காலம் அப்படி. நாங்கள் வாக்குக் கொடுத்தோம். அதனால்தான் இங்கேயும் அவருக்குப் பெயர் இல்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் விடிய பஸ் ஏறினோம். பாதி வழியில் ஒரு செக் பொயின்ட். எல்லோரும் இறங்கிப் பைகளைத் திறந்து காட்ட வேண்டும். என் பையில் புத்தகம், சாப்பாட்டுப் பார்சல். தங்கேஸ்வரியின் பையில் டேப் ரெக்கோடரும் நாலு கசட்டும்.

இது என்ன என்று கேட்ட சிப்பாய் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பட்டனை அமர்த்தினார். வயல்காரக் காக்காவின் குரல் கணீரென்று கேட்டது.

“...இருவது பேரெண்டா ரெண்டு நாள்ல வெட்டி முடிஞ்சிரும். மறுகா கட்டி எடுத்து, மேட்டுல கொண்டுபோய்ச் சூடு வெச்சிருவம்.”

சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவரைக் கூட்டிவந்தார். ஒரு சார்ஜன்ட். சிங்களவர், வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவர். கசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு, எங்கள் இருவரையும் விடச் சுத்தமான தமிழில் சொன்னார்:

“இருபது பேரை வெட்டுகிறார்கள். கட்டி எடுக்கிறார்கள். பிறகு சூடு வைக்கிறார்கள். இவர் யார்?”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அவர் மேல் என்ன பிழை? வகுப்பிலும் பத்திரிகையிலும் தமிழ் படித்தவர். பத்திரிகையில் சூடு என்றால் துப்பாக்கிச் சூடு. வெட்டு என்றால் வாள்வெட்டு. நெல் வெட்டி, கதிரைக் கட்டுக் கட்டாய் அடுக்கி வைப்பதைத்தான் நாங்கள் சூடு வைப்பது என்கிறோம் என்று எந்தப் பத்திரிகை எழுதியது?

எங்களை ஓர் அறைக்குள் கூட்டிப்போனார்கள். பஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. டிரைவரைக் குற்றம் சொல்லமாட்டேன், உள்ளே ஐம்பது பேர் இருந்தார்கள்.

சார்ஜன்ட் ஒரு தாளை முன்னால் வைத்தார். கசட்டில் கதைக்கிறவரின் பெயரும் விலாசமும் எழுதச் சொன்னார். எழுதினால் நாங்கள் போகலாம்.

எவ்வளவு சுலபம், பாருங்கள். ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஜீப் ஒன்று எங்கள் ஊருக்குப் போகும். அவரை விசாரிக்கக் கூட்டிப்போவார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? பேனாவை எடுத்தேன் என்பதை ஒளிக்கமாட்டேன். எழுதவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

தங்கேஸ்வரி என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். என்னை விடப் பயப்பட அவருக்குத்தான் காரணம் அதிகம்; அவருடைய அடையாள அட்டையை அவர்கள் ஏற்கெனவே மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார்கள்.

“பேர் தர ஏலா சேர்,” என்றார் மெதுவாக. “குடுக்கமாட்டம் எண்டு சொல்லித்தான் பேச்ச எடுத்தம். சொல்லுக்கு விளக்கம் தாறம்.”

பெயர் எழுத வைத்த தாளிலேயே படம் கீறினார். நிற்கிற பயிர். குனிந்து வெட்டுகிற ஆட்கள். கட்டிய கதிர். கடைசியில், குடில் போல உயர்ந்து நிற்கும் ஒரு கதிர்க் குவியல். அதன் கீழே தமிழில் பெரிதாக எழுதினார்: சூடு.

சார்ஜன்ட் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வீட்டிலும் வயல் இருக்கிறது என்றார். வெட்டிய கதிரைச் சிங்களத்தில் ‘கொள’ என்பார்கள் என்றார். அந்தச் சொல் முதல் தடவையாக ஒரு தமிழ்க் காதில் விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கொல... நல்லவேளை, அவர் எங்கள் செக் பொயின்டில் பிடிபடவில்லை.

ஆனால் அவர் நம்பினால் போதாதே. மேலதிகாரி வந்தார். முழுக் கசட்டையும் கேட்க வேண்டும் என்றார். ஒரு மணி நேரம்! காக்கா கதைக்கக் கதைக்க சார்ஜன்ட் மொழிபெயர்த்தார். தெரியாத சொல் வந்தால் எங்களைப் பார்த்தார். தண்ணீர் பங்கிட்டது வந்தது. யானை வந்து போனது வந்தது. சூட்டுக்குள் எலி புகுந்தது வந்தது. அந்த எலியை என்ன செய்தார்கள் என்று மேலதிகாரி கேட்டபோது, நாங்கள் தப்பிவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கசட்டுகளைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த பஸ் வரும் வரை சார்ஜன்ட் எங்களோடு வந்து நின்றார்.

“வகுப்பில் எனக்கு இந்தச் சொல்லைத் தரவில்லை,” என்றார். “இப்படி வேறு சொற்களும் உண்டா?”

நிறைய இருக்கிறது என்றோம்.

“எழுதித் தர முடியுமா?”

பஸ் வந்துவிட்டது.

மறுநாள் சங்கத்தின் மேடையில் தங்கேஸ்வரி, எழுதிக் கொண்டுவந்த கட்டுரையை மடித்து வைத்துவிட்டார். இந்தக் கதையைச் சொன்னார். பிறகு கசட்டைப் போட்டார்.

முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஊர் ஊராகப் போய் இப்படியான சொற்களைச் சேர்த்து, சங்கம் ஒரு சிறு புத்தகமாகப் போட வேண்டும்.

ஒரு பேராசிரியர் எழுந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மறுத்தார். நமது வேலை ஆராய்ச்சி. காவல் அரண்களுக்கு அகராதி செய்வதல்ல. இன்றைக்குச் சொல் கொடுப்போம், நாளைக்குச் சொன்னவர்களையும் கொடு என்பார்கள். பிறகு எந்த ஊரில் யார் நம்மை நம்பி வாய் திறப்பார்கள்?

நியாயமான கேள்வி. தங்கேஸ்வரி அதற்கும் பதில் வைத்திருந்தார்.

“ஆக்களக் குடுக்கப்படாதெண்டுதான் நேத்து மூண்டு மணித்தியாலம் இருந்தம் சேர். நான் கேக்கிறது அவங்களுக்கான புத்தகமில்ல. எல்லாருக்குமானது. எங்கட பள்ளிக்கூடத்துக்கும்தான். இந்தச் சொல்ல எழுதினா அங்கயும் பிழையெண்டுதானே போடுறம்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வாதம் மதியச் சாப்பாடு வரை போனது. கடைசியில் அந்தப் பேராசிரியரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: புத்தகம் வரட்டும், சொல் சொன்னவர்களின் பெயரோ வீடோ எங்கேயும் பதியக்கூடாது, சங்கத்தின் கோப்பிலும்கூட. எல்லோரும் கை உயர்த்தினார்கள். கிழக்குக் கரைக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார்கள். தங்கேஸ்வரி என்னைக் காட்டினார். நான் அவரைக் காட்டினேன். இரண்டு பேரையும் எழுதிக்கொண்டார்கள்.

இனி அந்தத் தூரத்தைக் கிழமைக்கு இரண்டு தடவையாவது நடக்க வேண்டும். சங்கத்தின் வேலை, யார் மறிப்பார்கள்?

மொழியியல் எதற்கு, அதனால் சோறு கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. சோறு கிடைக்குமோ தெரியாது. சோறு விளைவிக்கிற ஒரு மனிதன் அன்று தன் வீட்டிலேயே இருந்தான். அவனைப் பற்றி ஒரு அறையில் விசாரணை நடந்தது என்பதுகூட அவனுக்குத் தெரியாது. இதை விட ஒரு படிப்பு வேறு என்ன செய்ய வேண்டும்?

சரி, தலை குனிந்த கதை. போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் ‘எங்கள் வயல்’ என்று கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒரு பிள்ளை, “வாப்பா சூடு வைத்தார்” என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் வெட்டிவிட்டு, ‘கதிர்களை அடுக்கினார்’ என்று மேலே எழுதினேன். இரண்டு மார்க்கும் குறைத்தேன். சார்ஜன்டுக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்குத் தெரியுமே? வயல்காரன் மகள் நான். தெரிந்துகொண்டே வெட்டினேன்.

கொழும்பிலிருந்து வந்து திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தக் கொப்பியை வாங்கினேன். வெட்டியதற்கு மேல் ‘சரி’ போட்டு, இரண்டு மார்க்கையும் திருப்பிக் கொடுத்தேன்.

பிள்ளை கொப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியென்றால் முதலில் ஏன் பிழை போட்டீர்கள் என்று கேட்டாள்.

“உண்ட சொல் சரி மகள்,” என்றேன். “பிழை எண்ட.”