மோர்ப் பந்தல் பேனரை அவிழ்த்தது நான்தான்

சித்திரை பிறந்ததும் எங்கள் தெருமுனையில் ஒரு கட்சி மோர்ப் பந்தல் திறந்தது. முதல் நாள் தர்ப்பூசணி, வெள்ளரி, மோர், கேமரா எல்லாம் வந்தன. இரண்டாம் நாள் மோர் மட்டும். மூன்றாம் நாளிலிருந்து காலி மண்பானையும், தலைவர் கும்பிட்டபடி நிற்கும் பெரிய பிளெக்ஸ் பேனரும்தான். ஊரின் தாகம் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டதாகக் கட்சி முடிவு செய்திருந்தது.

நான் ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். வெப்ப நோய் குறித்த சுற்றறிக்கையைக் கோடைதோறும் நத்தம் முதல் குஜிலியம்பாறை வரை வாசித்தவன். பெரும்பாலும் மின்விசிறி ஓடாத அறைகளில், உச்சிவேளையில்.

அப்படியொரு நாள் மருந்து வாங்கித் திரும்பும்போது, பந்தலுக்கு எதிரே உள்ள வெங்காயக் குடோனில் லாரியைக் காலி செய்து முடித்திருந்தார்கள். ஒரு சுமைதூக்கும் தொழிலாளி மட்டும் இல்லாத மூட்டையைக் குனிந்து தூக்கிக்கொண்டு, "நாப்பத்தி ரெண்டு, நாப்பத்தி ரெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏலே, லோடு முடிஞ்சுருச்சுலே," என்று கூட்டாளி சிரித்தான். "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டியா?"

அவர் குழறலாக ஏதோ திட்டினார். தள்ளாடிப் பந்தலுக்குள் வந்து விழுந்தார்.

அருகில் போனேன். சாராய வாடை இல்லை. கழுத்தைத் தொட்டால் தோசைக்கல். வெயிலில் களைத்துப்போனவருக்குத் தலை சுற்றும், குமட்டும். நிழலில் உட்காரவைத்துத் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்தால் தேறிவிடுவார். உடம்பு கொதித்துப் புத்தி பேதலித்தால் அது வேறு, உயிரை எடுப்பது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். இவருடைய சட்டை பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது; ஆனாலும் இது உயிரை எடுக்கும் வகைதான்.

108-க்குச் சொன்னோம். வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அதுவரை மூளை காத்திருக்காது. அதற்குள் ஒருவர் வலிப்பென்று நினைத்து, விழுந்தவர் கையில் சாவியைத் திணித்தார். பூட்டு ஊரில் சாவிக்கா பஞ்சம், மூன்று கொத்து வந்துவிட்டது. இன்னொருவர் சோடாவை வாயில் ஊற்றப் போனார். பிடுங்கி எறிந்தேன். நினைவு தப்பியவர் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குப் போகும்.

உடனே குளிர்விக்க வேண்டும், கழுத்துவரை நனையும்படி. அதற்குத் தொட்டி வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூட்டைக் கொக்கியை வாங்கிக் கயிற்றை அறுத்தேன். பேனரைத் தரையில் விரித்து அவரைக் கிடத்தி, சட்டையைக் கழற்றி, நான்கு ஓரங்களையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். தொட்டி தயார். கரும்புச் சாறு கடையில் ஐஸ் கட்டி கிடைத்தது. தண்ணீருக்கு நான் வாயைத் திறக்கும் முன்பே, குழாயடியில் நிறைகுடங்களோடு நின்ற பெண் ஒருத்தி வந்து ஊற்ற ஆரம்பித்தாள்.

"பத்து நாளைக்கு அப்புறம் வந்த தண்ணி," என்றாள். "ஊத்துங்கப்பா, என்ன பாக்குறீக?"

அப்போதுதான் வட்டச் செயலாளர் பைக்கில் வந்து இறங்கினார். "சார், தலைவர் படம் சார். தரையில போட்டு, அது மேல ஆளையும் போட்டு... படிச்சவர் செய்ற வேலையா இது?"

"தலைவர் மடியிலதான் படுத்திருக்கார். ஒரு ஓரத்தைப் பிடிங்க."

"அம்புட்டுப் பேரு பாக்குறாங்க சார்."

"தண்ணி பட்டா உங்க தலைவரு கரைஞ்சா போயிருவாரு?" என்று அந்தப் பெண் அடுத்த குடத்தைக் கவிழ்த்தாள். செயலாளரின் வேட்டி நனைந்தது.

ஐஸ் கலந்த நீரை மேலே அள்ளி விட்டுக்கொண்டே இருந்தோம். தலை மூழ்காமல் கூட்டாளி தாங்கிக்கொண்டான். அவன் இப்போது சிரிக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்கும் நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "குளுருதுலே, விடுங்கலே," என்றார். அதைவிட நல்ல வசவை நான் கேட்டதில்லை. அதிலிருந்து நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீடு திரும்பினார்.

ஐந்தாம் நாள் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். தலைவரை அவமதித்தேன், பொருளைச் சேதப்படுத்தினேன் என்று புகார்.

"சார், வருத்தம் தெரிவிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. முடிஞ்சு போகும்," என்றார் உதவி ஆய்வாளர்.

"முடிய வேண்டாம். வழக்கு போடுங்க. பேனர் வைக்க வாங்கிய அனுமதி எண்ணை அதிலேயே அச்சடிக்கணும். தலைவர் செருப்புவரை தேடிப் பார்த்துட்டேன், இல்லை. அதையும் சேர்த்து விசாரிங்க."

புகார் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்த வட்டச் செயலாளர் எழுந்து வந்தார். "பெரியவங்க நீங்க, விடுங்க. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அது உங்க இஷ்டம். என் வாக்குமூலத்தை நான் எழுதித்தான் கொடுப்பேன்."

எழுதினேன். அறுத்தது நான், கிடத்தியது நான், காரணம் இன்னது. நாளை இன்னொருவர் விழுந்தாலும் கைக்கெட்டும் பேனரை, எந்தக் கட்சியுடையதானாலும், அவிழ்ப்பேன் என்று கடைசியில் சேர்த்தேன். நகலில் தேதி முத்திரை கேட்டேன். இன்றே வேண்டுமா என்றார் உதவி ஆய்வாளர். அவர் முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.