ஆடி முடியட்டும் என்றவன்

பவ்யமாகப் பேசுகிற ஆளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூறுகளில் என் காரை வாங்கிக்கொண்டு போனவன் கொடுத்துவிட்டுப் போன வியாதி அது.

பீளமேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கணவருக்கு வடக்கே மாற்றலானதால், என் பேரில் இருந்த கிரீம் கலர் கார் வாசலில் சும்மா கிடந்தது. பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். வந்தவனெல்லாம் டயரை உதைத்துவிட்டு அடிமாட்டு விலை கேட்டான். இவன் ஒருவன்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நெற்றியில் சந்தனப் பொட்டு. பேரமே பேசாமல் முழுப் பணத்தையும் கொடுத்தான். பணத்தில்தான் ஏமாற்றுவார்கள் என்று பயந்திருந்த எனக்கு, பணம் கைக்கு வந்ததும் புத்தி போய்விட்டது.

"நாளைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் பேரை மாத்திரலாங்களா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க டீச்சர், நாளைக்கு ஆடி பொறக்குதுங்க. ஆடியில பேரு மாத்துனா எங்க ஊட்டுல ஒத்துக்காதுங்க. ஆவணி மொத வாரம் நானே வந்து மாத்திப்போடறனுங்க."

நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு ஆடி எல்லா மாதத்தையும் போல ஒரு மாதம். ஆனால் அடுத்தவர் நம்பிக்கையில் குறுக்கே பேசக் கூடாதாம், எனக்கு அப்படி ஒரு நாசூக்கு! ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தேன். கார் கைமாறியதற்கு ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் வைக்க அவன் எலுமிச்சம்பழம் கேட்டபோது, அதையும் நானே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு வாரத்தில் போலீஸ்காரர் வந்தார். காந்திபுரத்தில் என் கார் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது.

"அதை வித்துட்டனுங்களே!"

"வித்ததுக்கு என்னங்கம்மா அத்தாட்சி? புக்குல உங்க பேருதானுங்களே இருக்குது."

சைக்கிள்காரருக்குச் சிராய்ப்போடு போயிற்று. அடுத்த முறை உயிர் போனால் கோர்ட்டில் நிற்கப்போவது நான். அவன் கொடுத்த விலாசத்தில் அரிசிக்கடை இருந்தது. அவன் சொன்ன பேரில் அங்கே ஒருவனும் இல்லை. அவன் காரை வாங்கிய தேதியையும், அன்றிலிருந்து எல்லாம் வாங்கியவர் பொறுப்பு என்பதையும் ஒரு தாளில் எழுதி, அவனைக் கண்டால் கையெழுத்து வாங்கக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சிக்னலில் நின்ற ஒவ்வொரு கிரீம் கலர் காரையும் வெறித்துப் பார்த்தேன்.

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தபோது, கூட வேலை பார்த்த டீச்சரின் மகளுக்குக் கல்யாணம். ஆடியில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும் என்று எங்கள் ஆட்கள் அப்போதுதான் வைப்பார்கள். சர்ச் வாசலில் பூ ஜோடித்த கார் ஒன்று நின்றது. அதன் இடது பக்கம், ஓட்டிப் பழகும்போது பள்ளிக்கூட கேட்டில் நான் உரசிய அதே கீறல்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கோட்டு சூட்டு, பொட்டில்லாத நெற்றி. பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, அவனேதான்.

நேராக வெளியே வந்து, காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கல்யாண ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"எறங்குங்க டீச்சர், எல்லாரும் பாக்கறாங்க. ஆவணியில கண்டிப்பா..."

"ஆடியில பேரு மாத்துனா ஆகாது, பொண்டாட்டி கட்டுனா மட்டும் ஆகுமாக்கும்?"

கூட்டம் நெருங்கி வந்தது. தாளை நீட்டினேன். "கையெழுத்துப் போடுங்க. இந்தத் தடவையாவது சொந்தப் பேர்ல போடுங்க. போட்டாத்தான் எறங்குவேன்."

கோட்டுப் பையிலிருந்த பேனாவை எடுத்து, என் காரின் கூரைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். நான் வாங்குவதற்குள் மணப்பெண் கை நீட்டி அதை எடுத்துக்கொண்டாள். முக்காட்டை ஒதுக்கிவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இது உங்க பேர்ல இருக்கற காருன்னு சொன்னீங்க. மத்ததெல்லாம் நெசந்தானுங்களா?"

நான் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் ஏறவில்லை.