'க' வராத மகள்

முடிதிருத்தும் கடைக்காரருக்கு வாய் ஓயாது. கத்திரி நின்றாலும் பேச்சு நிற்காது என்பதால் வாடிக்கையாளர்கள் அவருக்கு ரேடியோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய நான்கு வயது மகளுக்கோ 'க' வரவில்லை. அது வரவேண்டிய இடத்திலெல்லாம் 'த'தான் வந்தது.

மாமனார் முடிவெட்டிக்கொள்ள வந்த அன்று ரேடியோ தன் மகளைச் சுழல் நாற்காலியில் ஏற்றி நிறுத்தி, வாசலைக் காட்டினார். "பாப்பா, கம்பி மேல கறுப்பா உக்காந்திருக்கே, அது யாரு?"

"தாத்தா."

கடையே வயிறு குலுங்கச் சிரித்தது. மாமனாரும் சேர்ந்து சிரித்தார். பிறகு யார் வந்தாலும் இதே விளையாட்டு. சுற்றியிருந்த கண்ணாடிகளில் எத்தனை வாய்கள் சிரிக்கின்றன என்று குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு உறைக்கவில்லை. ஒருநாள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பள்ளியிலும் பேசுவது நின்றுபோனது.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் மேசைமேல் படங்களை விரித்தார். குழந்தை அப்பாவைப் பார்த்தாள். இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்ல யாராவது கேலி பண்றாங்களா?"

ரேடியோ வாயைத் திறக்கவில்லை.

"நாங்க அத கேலின்னு நினைக்கல மேடம்," என்றாள் மனைவி.

அவரைக் காட்டிக்கொடுக்காமல் அவள் 'நாங்க' என்று சொன்னது செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

"நான்தான் மேடம்," என்றார், தரையைப் பார்த்து. "ஆளுங்கள சிரிக்க வைக்க."

"கொஞ்ச நாளைக்கு நீங்க வெளிய உக்காருங்க சார்."

வாரந்தோறும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே தொண்டையில் தண்ணீரை நிறுத்திக் கொப்பளிக்கும் சத்தம் கேட்கும். நாக்கின் பின்புறம் எங்கே எழும்ப வேண்டும் என்று அப்படித்தான் பழக்கினார்கள். சில மாதங்களில் கதவு வழியே சுத்தமான ஒரு 'க' வந்தது. ஆவல் தாங்காமல் உள்ளே ஓடினார்.

"அப்பாகிட்ட ஒரு தடவ சொல்லும்மா."

கைகள் மறுபடி வாய்க்குப் போயின. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தவருக்கு, அங்கே காத்திருந்த மற்ற பெற்றோரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பாப்பா எங்கப்பா? அந்த வேடிக்கையக் காட்டு," என்றார் கடைக்கு வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர்.

"அது வேடிக்கை இல்லண்ணே. அதனால புள்ள பேசறதையே விட்டுட்டா."

இப்போது அவள் படபடவென்று எல்லாரிடமும் பேசுகிறாள். பள்ளி விட்டு வரும்போது தெருவிலுள்ள பெயர்ப் பலகைகளையெல்லாம் உரக்கப் படிப்பாள். அப்பா திரும்பிப் பார்த்தால் மட்டும் குரல் நின்றுவிடும். அதனால் அவர் இரண்டடி முன்னால், திரும்பாமலே நடக்கிறார்.