அக்காவுக்கு எதிர்காலம் படிப்பித்த கதை

ஆங்கிலேயர் மேல் எனக்குப் பல காலமாக ஒரு கோபம் உண்டு. பாதி உலகத்தைப் பிடித்து ஆண்டவர்களுக்கு, வினைச்சொல்லோடு ஒட்டிக்கொள்ள ஓர் எதிர்காலம் இல்லை. நாங்கள் போவேன், வருவேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அவர்களோ ஓர் இடத்தில் 'வில்' போடு என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 'கோயிங் டூ' போடு என்கிறார்கள், நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கு நடக்கிற மாதிரியே சொன்னாலும் சரி என்கிறார்கள். 'ஷல்' என்று ஒன்று இருக்கிறது. அதை எப்போது போடுவது என்று கேட்டால், இப்போது அவ்வளவாக யாரும் போடுவதில்லை என்று பதில் வருகிறது. பிறகென்னத்துக்கு அதைப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள்? கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் எனக்குத் தலையிடி வரும். ஆனால் ஒரு வகுப்பு நிறைந்த பிள்ளைகளுக்குப் படிப்பித்ததெல்லாம் ஒரு வேலையே இல்லை. அக்கா ஒருத்திக்குப் படிப்பித்ததுதான் வேலை.

சமாதான காலம் அது. கொழும்புக்குப் போகிற பாதை திறந்திருந்தது. கனடாவில் இருந்த அத்தான் அப்போதுதான் வந்து அக்காவைக் கட்டினார். கோயிலில் தாலி, அரசாங்கக் கச்சேரியில் பதிவு, ஒரு மாதம் விருந்துச் சாப்பாடு, பிறகு விமானம். அக்காவை அங்கே எடுப்பதற்குக் கடுதாசி எல்லாம் போட்டார். இனிக் கொழும்பில் தூதரகத்தில் அக்காவை நேரில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கலியாணம் உண்மையானதுதான் என்று அவர்களுக்குப் பிடிபட்டால் விசா. இல்லாவிட்டால் அவர் அங்கே, இவள் இங்கே. அக்காவுக்கு முப்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. இடப்பெயர்வுகளில் எத்தனையோ சம்பந்தம் தட்டிப்போன பிறகு வந்த மனிதர் இவர். அவரை அவளுக்குப் பிடித்துமிருந்தது. அதுவும் போனால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அத்தான் தொலைபேசிக் கடைக்கு எடுத்து என்னோடு கதைத்தார். "அங்கை போய் என்ன செய்யப்போறியள், எங்கை இருக்கப்போறியள் எண்டுதான் கனக்கக் கேப்பாங்கள். இங்கிலீசிலை நாலு வசனம் சொன்னால் நல்லது. நீங்கள் ரீச்சர்தானே, சொல்லிக் குடுங்கோ" என்றார். நானும் பெரிய மனுசி மாதிரி ஓம் என்றுவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு கதிரையைப் போட்டு இருப்போம். அக்கா புத்தகத்தைப் பார்க்கமாட்டாள். அவளுடைய மடியில் எப்போதும் ஒரு கம்பளி நூல் உருண்டை கிடக்கும். வவுனியாவில் எங்கேயோ வாங்கியது. பங்குனி வெயிலில் வயல் வெடித்துக் கிடக்க, கழுத்தால் வியர்வை ஓட, இவள் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பின்னுறாய்?"

"சும்மா."

இப்படித்தான் அவளுடைய பதில்கள் இருக்கும்.

புத்தகத்தில் முதல் உதாரணம் ரயில். நாளைக்கு ரயில் ஆறு மணிக்கு வெளிக்கிடுகிறது. நேரம் குறித்து நடக்கிற காரியத்துக்கு நிகழ்காலமே போதும் என்று விளக்கினேன். அக்கா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எந்த ரயில்?" என்றாள். எங்கள் பக்கத்துத் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எப்போதோ பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போய்விட்டன. சரி, பஸ் என்று மாற்றினேன். "பஸ் ஆள் நிரம்பினால்தானே வெளிக்கிடும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதுகூடப் பரவாயில்லை. தன்னைப் பற்றி ஒரு வசனம் சொல்லச் சொன்னால்தான் உண்மையான கூத்துத் தொடங்கும்.

"ஐ வில் லிவ் இன் ரொறன்ரோ எண்டு சொல்லு."

அக்கா வாயைத் திறக்கமாட்டாள்.

"சரி, ஐ ஆம் கோயிங் டூ லிவ் வித் மை ஹஸ்பண்ட். அதையாவது சொல்லு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அத்தானோடை இருக்கப்போறன் எண்டு அர்த்தம்."

"அதை ஏனடி இப்ப சொல்லுவான்?"

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும். "பிள்ளையை வாயாலை சொல்லப்பண்ணாதை. நாவூறு படும்."

நாவூறு என்பது எங்கள் வீட்டில் ஒரு பெரிய அதிகாரி. அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஒரு நாள் முற்றத்தில் நின்று, வாற சித்திரைக்கு மேல்வீடு கட்டி முடிப்பன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாராம். சித்திரைக்கு நாங்கள் கிளாலிக் கடலைக் கடந்து வன்னியில் ஒரு மரத்துக்குக் கீழே இருந்தோம். மேல்வீடு கட்டுவதாகச் சொல்லாத வீட்டுக்காரரும் அதே மரத்துக்குக் கீழேதான் இருந்தார்கள் என்று நான் எத்தனையோ தரம் அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. அப்பா காலமான பிறகு அந்தக் கதை இன்னும் உறுதியாகிவிட்டது. நல்ல காரியம் ஏதும் கைக்கு வந்து சேரும்வரை அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

எங்கள் வீடு மட்டும் அப்படியில்லை. எங்கள் வாய்க்கால் வீதியில் வெளிநாட்டு அலுவலாகக் கொழும்புக்குப் போகிற எவரும் கொழும்புக்குப் போவதாகச் சொல்லமாட்டார்கள். "வவுனியாவுக்கு, டொக்டரிட்டைப் பல்லுக் காட்ட" என்பார்கள். பெரிய பெட்டியோடு, புதுச் சேலை கட்டி, வீட்டோடு எல்லாருமாக வான் பிடித்துப் பல்லுக் காட்டப் போவார்கள். கேட்டவரும் "ஓம் ஓம், பல்லைக் கவனிக்கத்தானே வேணும்" என்று அனுப்பிவைப்பார். எல்லாருக்கும் தெரியும். எவரும் மேலே ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். இப்படியே எங்கள் வீதியிலிருந்து பல்லுக் காட்டப் போனவர்கள் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள்.

இந்த ஊரில் நான் எதிர்காலம் படிப்பிக்க வேண்டியிருந்தது.

அக்காவும் நானும் பல்லுக் காட்டப் புறப்பட்டோம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வெயிலில் நடந்து, மறுபடி ஏறி, மறுநாள் காலை தூதரக வாசலில் நின்றோம். வழி முழுக்க நான் வசனங்களை அவள் காதுக்குள் ஓதிக்கொண்டே வந்தேன். உள்ளே அவளை மட்டும் விட்டார்கள்.

திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. "இங்கிலீசிலை கேட்டவங்களோ?" என்றேன்.

"இல்லை. தமிழிலை சொல்லுறதுக்கு ஒரு பிள்ளை இருந்தவா. நல்ல பிள்ளை."

"தமிழிலையோ! பிறகென்ன? என்ன கேட்டவங்கள்?"

"கனடாவிலை எங்கை இருப்பியள், என்ன வேலை செய்வியள், பிள்ளையள் பெறுவியளோ எண்டு கேட்டவங்கள்."

"நீ என்ன சொன்னனி?"

"தெரியாது, போனால் பாப்பம் எண்டு சொன்னனான்."

அந்த நடைபாதையில் நின்று நான் கத்தாதது என் பிறவிப் பெருந்தன்மை. நான் இவ்வளவு நாளும் மூளையைக் கசக்கி வில்லும் ஷல்லும் ஊட்டியது எல்லாம் வீண். இவளுக்கு ஆங்கிலத்தில் மட்டுமா எதிர்காலம் வரவில்லை? தமிழிலும் வரவில்லை. அக்கா சொன்னபடி, சட்டை இஸ்திரி கலையாமல் உள்ளே இருந்து விசாரித்த அதிகாரிக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? புருசனோடு எங்கே இருப்பாய் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லுகிற பெண்ணின் கலியாணம் பொய்க் கலியாணம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். தனக்குத் திருப்தியில்லை என்றும், இன்னொரு தரம் கூப்பிடுவோம் என்றும் அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அந்த மனுசனோடை இருக்க உனக்கு விருப்பமோ இல்லையோ?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

அக்கா யன்னல் பக்கம் திரும்பினாள். "விருப்பமில்லாட்டிச் சொல்லியிருப்பன்" என்றாள். அவள் அழுகிறாள் என்று முறிகண்டி தாண்டிய பிறகுதான் கண்டேன். ஆனாலும் கோபம் போகவில்லை. அழுகிறவளுக்கு அங்கே வாயைத் திறந்தால் என்ன?

அத்தான் தொலைபேசியில் நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு, "அவாக்கு என்னோடை வர விருப்பமில்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார். விசாவை விட இந்தக் கேள்விதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனிதர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தனியாக இருந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? "விருப்பம்தான் அத்தான், ஆனால் அவள் அதைச் சொல்லமாட்டாள்" என்றேன். வெளிநாடு போய்ப் பல வருடமானவருக்கு அது எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

இரண்டாம் தரம் கூப்பிட்டபோது நான் ஒரு வசனமும் சொல்லிக்கொடுக்கவில்லை. கை கழுவிவிட்டேன். அம்மா வழக்கம்போல வீதிக்குச் சொன்னார்: "மூத்தவளுக்கு அந்தப் பல்லு இன்னும் சரிவரேல்லை." பக்கத்து வீட்டுக்காரி, "முதலே பிடுங்கியிருக்க வேணும்" என்றாள்.

இந்த முறை அக்கா உள்ளே நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது கையில் இருந்த பை தொய்ந்திருந்தது.

"எங்கை இருப்பாய் எண்டு கேட்டவரோ?"

"ஓம்."

"என்ன சொன்னனி?"

"தெரியாது எண்டனான்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு அந்த மதிலோரத்திலேயே குந்திவிட்டேன்.

"பொறு. பிறகு, போறதுக்கு ஏதாவது ஆயத்தம் செய்தனியோ எண்டு கேட்டவர். செய்ததைச் சொல்லலாம்தானே? தையல் மெசினைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டன், ஆட்டையும் குடுத்திட்டன், அவருக்கு மிளகாய்த்தூள் வறுத்து இடிச்சு வைச்சிருக்கிறன் எண்டனான். பிறகு சப்பாத்துக்குள்ளை போடுற காலுறையைக் காட்டினனான்."

பையைத் திறந்தாள். வேப்பமரத்துக்குக் கீழே என் உயிரை வாங்கிய அந்தக் கம்பளி, இரண்டு காலுறையாக உள்ளே கிடந்தது. ஒன்று மற்றதை விடக் கொஞ்சம் பெரிது.

"இதை ஏன் பிழையாப் பின்னினனி?"

"பிழையில்லையடி. அவருக்கு இடது கால் முறிஞ்சு பொருந்தினது. அது கொஞ்சம் பெரிசு. குளிருக்கு நோகுமாம், கடையிலை வாங்கிறது இறுக்குமாம். அதிகாரியும் இதையேதான் கேட்டவர். சொன்னனான். அவர் உள்ளை போய் ஆரோடையோ கதைச்சிட்டு வந்து, காலுறையைத் திருப்பித் தந்தவர். சிரிச்சவர்."

விசா கிடைத்தது. எனக்குச் சந்தோசம்தான். ஆனால் உள்ளதைச் சொன்னால் எரிச்சலும் வந்தது. ஓர் இலக்கணப் புத்தகம் முழுவதையும் தோற்கடித்துவிட்டு ஒன்றும் நடக்காதவள் மாதிரி வந்து நிற்கிறாள். "முதல் தரமே இதைக் காட்டியிருக்கலாமே!" என்றேன். "அப்ப மற்றக் கால் முடியேல்லை" என்றாள்.

பாதை பூட்டுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவள் போனாள். போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் அம்மா வீதிக்குச் சொன்னார். பிறகு சண்டை வந்தது. அம்மாவும் நானும் கிளிநொச்சியை விட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று எல்லாரோடும் நகர்ந்து, கடைசியில் செட்டிகுளத்தில் முள்ளுக்கம்பிக்குள் ஒரு கூடாரத்தில் வந்து சேர்ந்தோம். அதை எல்லாம் இங்கே எழுத எனக்கு மனமில்லை. உயிரோடு வந்தோம் என்பது போதும்.

முகாமில் தொலைபேசி எடுக்க வரிசை நிற்க வேண்டும். வெயிலில் நின்று என் முறை வந்தது. அக்காவின் குரல் கேட்டது. அவள் அழுதாள், நான் அழுதேன். பின்னால் நின்றவர்கள் கெதியாய் முடிக்கச் சொன்னார்கள். பிறகு அக்கா கதைக்கத் தொடங்கினாள். நிற்காமல் கதைத்தாள். அங்கே போய் ஆங்கில வகுப்புக்குப் போனாளோ என்னவோ, வாயிலிருந்து எதிர்காலமாகவே கொட்டியது. "உங்களை வெளியாலை எடுப்பன். அம்மாவையும் உன்னையும் இஞ்சை கூப்பிடுவன். மேலறையை உங்களுக்கு ஒழிச்சுத் தருவன். வாற மாரிக்கு முதல் எல்லாரும் ஒண்டா இருப்பம். நீ இஞ்சை படிப்பிப்பாய், அம்மாவுக்கு நான்..."

அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற சனம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பொத்தினேன்.

"வாயை மூடு அக்கா!" என்று கத்தினேன். "ஒண்டும் சொல்லாதை. செய்துபோட்டுச் சொல்லு."

அந்தப் பக்கத்திலிருந்து "ஓம்" என்றாள். "ஓமடி. சொல்லேல்லை."

கூடாரத்துக்குத் திரும்பியபோது அம்மா வாசலில் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இளைத்த இளைப்பில் அவரை நேரே பார்க்க முடியாமல் இருந்தது. சுற்றி வர அத்தனை கூடாரம், அத்தனை காது.

"என்னவாம் உன்ரை அக்கா?" என்றார்.

"சுகமாம். எங்கள் ரெண்டுபேரையும் ஒருக்காப் பல்லுக் காட்டட்டாம்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தபடி மெல்லத் தன் தாடையைத் தடவினார்.

"ஓம்" என்றார், பக்கத்துக் கூடாரத்துக்கும் கேட்கிற மாதிரி. "எனக்கும் கொஞ்ச நாளா ஒரு பல்லு ஆடுதுதான்."