வெட்டாமல் விட்ட சீனியாஸ்

எங்கள் வளவில் பூக்கன்றுகள் நின்றது எனக்குத் தெரிந்து அந்த ஒரு வருடம்தான். ஊர்காவற்றுறையில் கடலுக்குக் கிட்ட இருந்த வளவு அது. ஒரு முருங்கை, இரண்டு பூவரசு, வேலியோரம் கொஞ்சம் அடம்பன்கொடி. இவற்றைத் தவிர அந்த உப்பு மண்ணில் எதுவும் பிழைத்ததில்லை. நட்டுப் பார்க்கவும் எவருக்கும் நேரம் இருக்கவில்லை. அப்பா கடலுக்குப் போவார், வருவார், வலை பின்னுவார். அம்மா எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே செத்துப்போய்விட்டார். அக்கா என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். சமைப்பதும், எனக்குத் தலை வாரி இழுப்பதும், பள்ளிக்கூடம் அனுப்புவதும் அவள்தான். எனக்கு ஒன்பது வயதாகும்வரை உலகத்தில் எல்லா வீடுகளையும் அக்காமார்தான் நடத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஆவணியில் அக்காவுக்குச் சீனியாஸ் பூக்கன்று வளர்க்கும் எண்ணம் வந்தது. அவள் தையல் பழகிய மடத்தில் ஒரு கன்னியாஸ்திரி காய்ந்த பூக்கள் நாலைந்தைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாராம். உதிர்த்துப் பார்த்தால் இதழின் அடியில் தட்டையான சிறு விதைகள். அக்கா கிணற்றடிக்கு அப்பால் ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைத் தோண்டி எறிந்தாள். சரவணையிலிருந்து மீன் வாங்க வருகிற கமக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்து, மூன்று கடகம் நல்ல மண்ணும் ஒரு கடகம் மாட்டெருவும் எடுப்பித்தாள். அவருடைய வண்டில் எங்கள் படலையில் நின்றபோது அயலட்டையெல்லாம் எட்டிப் பார்த்தது. மண் வாங்குகிற வீட்டை அவர்கள் முன்பு கண்டதில்லை.

மண் வந்தது, தண்ணீர் வரவில்லை. எங்கள் கிணறு சவர். உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க ஏலாது. நல்ல தண்ணீருக்கு மாதா கோயிலுக்கு அப்பால் உள்ள கிணற்றுக்குத்தான் போகவேண்டும். அக்கா விடிய எழும்பி இரண்டு குடம் கொண்டுவருவாள். விதை போட்ட நாளிலிருந்து அது மூன்று குடமாயிற்று. மூன்றாவது குடத்துத் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி, இலையில் படாமல் வேரடியில் ஊற்றுவது என் வேலை.

கன்றுகள் ஒரு சாண் உயரம் வந்ததும் அக்கா ஒவ்வொன்றின் நுனியையும் கிள்ளி எறிந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏனக்கா முறிக்கிறியள்?"

"முறிச்சால்தான் பக்கத்தாலை கிளை விடும். காம்பு நீட்டா வரும். எனக்குக் காம்போடைதான் பூ வேணும்."

காம்போடு பூவை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. அக்கா செய்கிற காரியங்களுக்குக் காரணம் கேட்கிற பழக்கம் எனக்கு இருக்கவில்லை.

புரட்டாதியில் மொட்டுக் கட்டத் தொடங்கியபோதுதான் கலியாணக் கதை என் காதில் விழுந்தது. எவரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பாவின் தமக்கை, எங்கள் மாமி, இரண்டு வீடு தள்ளியிருந்தார். அவர் கிணற்றடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மன்னாரிலை பொடியன். சொந்த வள்ளம். உவள் சின்னவளை ஆர் பாக்கிறதெண்டு சொல்லிச் சொல்லி ரெண்டு சம்பந்தத்தைத் தள்ளிப்போட்டாளெல்லே. இனியும் தள்ள ஏலுமே?"

சின்னவள் நான்தான். ஒரு பெரிய காரியத்தில் என் பெயரும் அடிபடுகிறதே என்று எனக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் மன்னார் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய படத்தில் தேடிப் பார்த்தேன். விரலால் அளந்தால் கிட்டத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் அக்காவிடம் கேட்டேன். "நானும் மன்னாருக்கு வாறனோ?"

அவள் ஒரு கன்றின் பழுத்த இலைகளை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கெல்லே," என்றாள். அது நான் கேட்டதற்கு மறுமொழி இல்லை.

ஒக்டோபர் கடைசிப் புதன் கலியாணம் என்று முடிவாயிற்று. அதற்குள் பாத்தி சிவப்பும் மஞ்சளும் றோசுமாக நிறைந்துவிட்டது. தெருவால் போகிறவர்கள் வேலிக்கு மேலால் பார்த்து, ஒன்றிரண்டு பிடுங்கித் தரும்படி கேட்டார்கள். அக்கா ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. எதையும் இல்லை என்று சொல்லாதவள் பூவுக்கு மட்டும் கஞ்சப்பட்டது எல்லோருக்கும் வியப்பு. மாமி பாத்தியருகில் இடுப்பில் கை வைத்து நின்று, "பூவுக்கும் குறையில்லை. பூவில்லாமல் கலியாணம் நடக்குமே!" என்றார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் அதை வேதப்பாடத்தில் மனனம் செய்கிற கட்டளையைப்போல மனதில் எழுதிக்கொண்டேன்.

கலியாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை அக்காவும் மாமியும் கூறைச்சேலை எடுக்க யாழ்ப்பாணம் போனார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கி மறுநாள்தான் வருவார்கள். போகமுதல் அக்கா விடிய ஐந்து குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். அதில் மூன்றை மூன்று வாளிகளில் ஊற்றி விறாந்தையில் நிரையாக வைத்தாள். தன் தையல் கத்தரிக்கோலை என் கையில் தந்தாள்.

"வாடை திரும்பினால் மழை கொட்டும். இந்தப் பூவிலை மழை விழுந்தால் ஒண்டுக்கும் உதவாது. மானம் கறுத்துதெண்டால் எல்லாத்தையும் வெட்டி வாளியிலை வை. கழுத்துக்குக் கீழை பிடிச்சு மெல்ல ஆட்டிப் பார். தலை தொங்கினால் அது முத்தேல்லை, விட்டிடு. நிமிந்து நிண்டால் வெட்டு. விளங்கிச்சோ?"

"ஓம்."

"உன்னை நம்பித்தான் போறன்."

மத்தியானம்வரை ஒன்றுமில்லை. பிறகு காற்று நின்றுவிட்டது. மாதக்கணக்காக ஓயாமல் அடித்த சோளகக் காற்று எங்கே போனதென்று தெரியவில்லை. முருங்கை இலைகூட அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. அப்பா முற்றத்தில் நின்று வடகிழக்கைப் பார்த்தார். "வாடை திரும்பப்போகுது," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, வள்ளத்தைக் கரையில் ஏற்றப் போனார். வீட்டில் நான் மட்டும்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். முதல் பூவைப் பிடித்து ஆட்டினேன். நிமிர்ந்து நின்றது. இரண்டாவதும் நின்றது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு பூக்கள் வெட்டத் தயாராக இருந்தன. வானம் பனங்கட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. பூவில்லாமல் கலியாணம் நடக்காது. கத்தரிக்கோலைப் பாத்தி ஓரத்தில் வைத்தேன். வீட்டுக்குப் போய் வாசல்படியில் குந்தினேன்.

முதல் துளிகள் பெரிதாக விழுந்தன. பூக்கள் ஒவ்வொன்றும் ஓம் ஓம் என்று தலையாட்டுவதுபோல இருந்தது. அதன் பிறகு காற்று வந்தது. கொண்டுவந்து போட்ட மண் கரைந்து கன்றுகள் வேரோடு சாய்ந்தன. ஒரு கட்டத்தில் நான் எழுந்தேன். எழுந்ததும் உண்மை, திரும்பக் குந்தினதும் உண்மை. விறாந்தையில் மூன்று வாளித் தண்ணீரும் அசையாமல் இருந்தது.

அப்பா நனைந்து வந்து, வாளிகளையும் என்னையும் பார்த்தார். "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மத்தியானம் அக்கா வந்தாள். கூறைச்சேலைப் பொதியை மாமியிடம் கொடுத்துவிட்டு நேரே பாத்திக்குப் போனாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"ஏன் பிள்ளை வெட்டேல்லை?"

"நித்திரையாப் போனன். மழை வந்தது தெரியேல்லை."

அவள் குனிந்து சேற்றுக்குள்ளிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். நித்திரையாகப் போனவளின் கத்தரிக்கோல் பாத்திக்கு எப்படி வந்தது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. அக்கா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று எண்ணிக் கண்ணை மூடினேன். அடி விழவில்லை. "சாப்பிட்டியோ?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் எதற்கும் அந்த ஒரு கேள்விதான்.

அன்று பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நித்திரை என்று பொய் சொன்னதைச் சுவாமியாரிடம் சொன்னேன். பூவைப் பற்றிச் சொல்லவில்லை. செய்த பாவங்களைச் சொல்லவேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நான் எதையும் செய்யவில்லையே, செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதானே. சுவாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, கலியாணம் எப்போது நிற்கும் என்று காத்திருந்தேன்.

நிற்கவில்லை. ஞாயிறு பூசையில் அக்காவின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் மூன்றாம் முறையாக வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார்கள். பூவைப் பற்றி ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பொறுக்கமாட்டாமல் மாமியிடம் நானே கேட்டேன்.

"பூவுக்கென்ன? கோயில் சோடனைக்கு மடத்திலை இருந்து வருகுது. பொம்பிளைக்குப் பூச்செண்டு மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வருவினம். அதுதானே முறை."

"அப்ப எங்கடை பூ என்னத்துக்கு?"

மாமி குசினிப் பக்கம் பார்த்தார். அக்கா அங்கே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா பாத்தியில் குந்தி, சாய்ந்த கன்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். அடியில் அகப்பட்டு ஓரளவு தப்பியிருந்தவை ஐந்து. இதழ் கிழிந்து, ஓரம் கறுத்து இருந்தன. அவற்றை வெட்டி, வாளியிலிருந்த நல்ல தண்ணீரில் மண் போகக் கழுவினாள். "வா," என்றாள்.

சேமக்காலைக்குப் போகிறோம் என்பது கோயில் மதிலைத் தாண்டின பிறகுதான் தெரிந்தது. மழையில் அம்மாவின் கல்லறை மேடு அமிழ்ந்துபோயிருந்தது. அக்கா முழந்தாளிட்டுக் கையாலேயே மண்ணை அணைத்துத் தட்டினாள். ஒவ்வொரு வருடமும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாக் கல்லறைகளும் பூவால் மூடிக் கிடக்கும். வசதியானவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பூ எடுப்பிப்பார்கள். அம்மாவுக்கு எங்களிடமிருந்து ஒரு மெழுகுதிரியும் இரண்டு குறோட்டன் இலைக்கொத்தும்தான் போகும். அதெல்லாம் எனக்கு அந்த இடத்தில்தான் நினைவுக்கு வந்தது.

"திருநாளுக்கு நான் இஞ்சை நிக்கமாட்டன்," என்றாள் அக்கா. "அதுதான் இந்த முறை நிறைய வைச்சிட்டுப் போவமெண்டு நினைச்சனான்."

சேமக்காலையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. ஐந்து பூக்களையும் மரச்சிலுவையின் அடியில் குத்தினாள். ஒன்று உடனேயே தலை தொங்கிவிட்டது. நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் நினைத்தேன்.

அக்கா ஒரு கையால் என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா," என்றாள். அடுத்து என் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று திரும்பவும் சொன்னாள். பிறகு அழத் தொடங்கினாள். அவளுடைய பிடி என் தோளில் நோகிற அளவுக்கு இறுகியது. நான் செய்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் அழுது முடியும்வரை, பக்கத்துக் கல்லறையில் ஓடின ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பூச்செண்டு வெள்ளையாக, மிக அழகாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை றங்குப்பெட்டியை பஸ்ஸில் ஏற்றினார்கள். அக்கா ஏறிவிட்டுத் திரும்ப இறங்கி வந்து, அவிழாமலிருந்த என் தலை றிபனை அவிழ்த்துக் கட்டினாள். நான் பெரிய மனுசியைப்போல "போட்டு வாங்கோ," என்றேன். பஸ் புறப்பட்டுப் போனதும் அப்பாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். அவர் வலையை எடுத்துப் பின்னக் குந்திவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரட்டையை எடுத்து, வாளிகளில் மிஞ்சியிருந்த தண்ணீரை வெறும் பாத்திக்கு ஊற்றினேன். மழை பெய்து ஈரமாயிருந்த மண் அதைக் குடிக்கவில்லை. தண்ணீர் மேலேயே நின்றது. அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் சத்தம் தெருவில் கேட்டபோது, எனக்குத் தலை இழுக்க இனி ஆர் வருவார் என்று முதல் தடவையாக யோசித்தேன்.

சில நாட்களில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அப்பாவும் மாமியும் நானும் போனோம். அக்கா குத்திவைத்த பூக்கள் கறுத்துச் சுருண்டு கிடந்தன. அப்பா மெழுகுதிரியைக் கொளுத்திவைத்தார். நான் முழந்தாளிட்டு, அக்கா சொன்னதைப்போலவே, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா," என்று சத்தமாகச் சொன்னேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "நீ என்ன செய்தனி?"

"நானில்லை, அக்காதான் அண்டைக்கு வந்து இப்பிடிச் சொன்னவ. பூ பழுதாப் போனதுக்கு."

அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி மூக்கைச் சிந்தினார். பெரியவர்கள் ஐந்து பூவுக்காக இவ்வளவு வருத்தப்படுகிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா கடைசியாகக் கண் மூடமுதல், பதினைந்து வயதான அக்காவைக் கிட்டக் கூப்பிட்டு, அவளுடைய மடியில் என்னை வைத்து, இவளை விட்டுவிடாதே என்று சொன்னாராம். மாமி அந்தக் கதையைப் பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். அக்கா கல்லறையில் அழுததையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரியாத வயது அது.