கொயினாவுக்காக நின்ற நடவு

களக்காட்டுக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் வேம்படிமங்கலம் என்று ஓர் ஊர். அந்தக் காலத்தில் ஊர் என்றால் அக்கிரகாரம்தான். வாய்க்காலுக்குக் கீழே குடிசை போட்டிருந்தவர்கள் சேரி. ஊர் உண்ணும் நெல்லை நட்டது சேரி, களை பறித்தது சேரி, அறுத்துத் தூற்றிக் கொண்டுபோய்க் கொட்டியதும் சேரி. ஆனாலும் அந்த நெல் சோறான பிறகு அதைச் சேரிக்காரன் கண்ணால் பார்த்தால் தீட்டு!

அந்தச் சேரியில் இசக்கித்தாய் என்று ஒருத்தி இருந்தாள். நடவு வரிசையில் அவள்தான் முதல் ஆள். அவள் குனிந்தால் மற்றவர்கள் குனிவார்கள். அவள் குலவையிட்டால் வரிசையே குலவையிடும். புருஷன் கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவன், போனவன்தான். பிள்ளைகள் இரண்டு. மூத்த பையனுக்கு ஒரு மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், முறை தவறாமல் வந்தது. வயிற்றின் இடப்பக்கம் கல்போலக் கட்டி திரண்டது. கட்டியைக் கரைக்கிறேன் என்று பூசாரி மஞ்சள் கிழங்கைச் சுட்டு வயிற்றில் வைத்தான். பிள்ளை கதறிய கதறல் மலைவரை கேட்டது. கட்டி கரையவில்லை, பிள்ளைதான் போனான். ‘அம்மை கூப்பிட்டுக்கொண்டாள்’ என்றார்கள். எந்த அம்மை தன் பிள்ளையைச் சுட்டுவிட்டுக் கூப்பிடுவாள் என்று இசக்கித்தாய் கேட்டாள்.

1912ஆம் வருஷம் ஐப்பசியில் இளையவள் மாடத்திக்கும் அதே குளிர் வந்தது. வாசலில் கிடந்த சாக்கையெல்லாம் போட்டு மூடியும் பிள்ளை உதறியது. அப்போதுதான் தேவதாசன் அந்த வழியாக வந்தான். பாளையங்கோட்டைப் பக்கத்து மிஷன் கிறிஸ்தவன். தபால் பை சுமந்து ஓடும் ரன்னர். அவனுடைய முன்னோர்களும் ஏதோ ஒரு சேரியிலிருந்து வேதத்துக்குப் போனவர்கள்தான். ஆனால் சர்க்கார் பை தோளில் தொங்குகிறவரை அவன் அக்கிரகாரத்தில் நடக்கலாம். பைக்குப் பயந்து தீட்டு ஒதுங்கி நிற்கும்!

“இதுக்குச் சூடு வைக்காத தாயி,” என்றான் தேவதாசன். “தபாலாபீஸ்ல கொயினாப் பொடி விக்குதாவ. காலணாவுக்கு ஒரு பொட்டணம். வேப்பங்காயைவிடக் கசக்கும். ஆனா காய்ச்ச ஓடிரும்.”

“காய்ச்ச எங்கேருந்து வருது அண்ணே? மலைக்காத்துலயா?”

“கொசு கொண்டாருது. பாளையங்கோட்டையில ஒரு டாக்டரு பூதக்கண்ணாடியில எங்களுக்குக் காட்டுனாரு. காய்ச்சக்காரனைக் கடிச்ச கொசு அடுத்தவனையும் போய்க் கடிச்சா, அவனுக்கும் வந்துரும்.”

மறுநாள் அவனே ஒரு பொட்டணம் வாங்கிவந்து கொடுத்தான். இசக்கித்தாய் பாதியைத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். மீதிப் பாதியைத் துணியில் முடிந்து மாடத்தியின் கழுத்தில் கட்டினாள். உள்ளே போனது காய்ச்சலை விரட்டும், வெளியே தொங்குவது திரும்ப விடாமல் காக்கும் என்பது அவள் கணக்கு. திருநீற்றுக்கும் வேப்பிலைக்கும் காலமெல்லாம் செய்ததைத்தானே அவள் பொடிக்கும் செய்தாள்! காய்ச்சல் ஒரு முறை வராமல் தவறியது. அடுத்த முறை காய்ச்சல் இரட்டிப்பாக வந்து உட்கார்ந்தது.

தேவதாசன் தலையில் அடித்துக்கொண்டான். “ஏட்டி, மருந்து என்ன தாயத்தா? காய்ச்ச விட்ட பொறவும் விடாம நாள்தோறும் திங்கணும். பொட்டணம் நிறைய வேணும்.”

வாங்கிவர அவனே இல்லாமல் போனான். அவனையும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. மாட்டு வண்டியில் படுக்கப்போட்டு அவன் ஊருக்குக் கொண்டுபோனார்கள். பதிலுக்கு வந்த ரன்னர் சேரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இசக்கித்தாய் காசை முந்தியில் முடிந்துகொண்டு தானே கிளம்பினாள். தபாலாபீஸ் அக்கிரகாரத்தின் நடுவில், பள்ளிக்கூடத்து முன்னறையில் இருந்தது. தெருமுனைக் கல்லோடு அவள் கால் நின்றது. அதுதான் வழக்கம். அங்கே நின்று ‘சாமீ’ என்று கூப்பிட வேண்டும். யார் காதிலாவது விழுந்து, அவர்கள் மனசும் வைத்தால் வருவார்கள். நெடுநேரம் கூப்பிட்ட பிறகு பள்ளி வாத்தியாரும் போஸ்ட்மாஸ்டருமான பஞ்சாபகேசன் வந்து எட்ட நின்றார். கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். நம் நாட்டில் பாதிக் கொடுமை பயந்தவர்கள் கையால்தான் நடக்கிறது.

“கொயினா வேணும் சாமி. எம் மவளுக்கு.”

“அதை ஆபீஸை விட்டு வெளியில எடுத்துண்டு வந்து விக்க எனக்கு உத்தரவு இல்லையே. ஆபீஸுக்கு வந்துதான் வாங்கணும்.”

“அப்போ வாரேன் சாமி.”

“சிவ சிவா! தெருவுக்குள்ள வரப்படாது!”

“சர்க்காரு வான்னு சொல்லுது, தெரு வராதன்னு சொல்லுது. எம் பிள்ள யாரு பேச்சைக் கேக்க?”

பஞ்சாபகேசன் வானத்தைப் பார்த்தார். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏழைக்கென்று விற்கிற மருந்து ஏழையின் கால் படக்கூடாத தெருவில் இருந்தது. இதை யோசித்து ஏற்பாடு செய்த புத்திசாலி யாரோ!

இசக்கித்தாய் வாய்க்கால் கரை வழியாகத் திரும்பினாள். நாற்றங்கால் கண்ணில் பட்டது. நாற்று முழங்காலுக்கு வளர்ந்து, நுனி சாய்ந்து நின்றது. இன்னும் சில நாள் விட்டால் கணு விட்டுவிடும். பிறகு நட்டாலும் தூர் கட்டாது, விளைச்சலும் இருக்காது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வழியெல்லாம் வந்த அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் காலை பெரிய மிராசுதார் கோபாலசுப்பிரமணியனின் வயலில் நடவு. நாற்று முடிகள் வயலெங்கும் வீசிக் கிடந்தன. பெண்கள் வந்தார்கள், வந்து, வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாடத்தி தாயின் மடியில் கிடந்தாள். உச்சிப் பொழுதுக்கு அவள் காய்ச்சல் முறை.

குடை பிடித்துக்கொண்டு மிராசுதார் வந்தார். “என்னடி இது? ஒருத்தியும் இறங்கலை? கல்யாணத்துக்கா வந்து உட்கார்ந்திருக்கேள்?”

“எங்க காலு தெருவுல பட்டா தீட்டாம் சாமி,” என்றாள் இசக்கித்தாய். “அதான் யோசிக்கோம். இந்தக் காலு வயல்ல பட்டா நெல்லு தீட்டாயிராதா?”

வரப்பில் சிரிப்பு ஓடியது. மிராசுதாரின் முகம் சிவந்தது. “திமிரா? பக்கத்து ஊர்லேர்ந்து ஆள் கொண்டு வந்து நட்டுப்பேன்!”

“கொண்டாங்க சாமி,” என்றாள் பக்கத்தில் இருந்த வெயிலாச்சி. வாய்த்துடுக்குக்குப் பேர் போனவள். “அங்கனயும் குளிர்காய்ச்சதான். நடுங்கிக்கிட்டே நடுவாளுவ. வரிசை பாம்பு போன தடம் மாதிரி இருக்கும். பரவாயில்லையா?”

“இப்போ உங்களுக்கு என்னதான் வேணும்?”

“கொயினாப் பொடி,” என்றாள் இசக்கித்தாய். “காசு குடுக்கோம். எங்க காலு வரக்கூடிய இடத்துல வச்சு, கையில தரணும். சேரியில வீட்டுக்கு ஒரு ஆளு உதறிக்கிட்டுக் கெடக்கு சாமி.”

“சேரிக் காய்ச்சலுக்கு அக்கிரகாரம் என்ன பண்ணும்?”

“உங்க வீட்டுச் சின்ன ஐயாவும் மூணு நாளாக் கம்பளிக்குள்ள கெடக்காவளாமே. கொசு கொண்டுபோய்க் குடுக்கும்னு ரன்னர் அண்ணன் சொல்லிச்சு. எம் மவளைக் கடிச்ச கொசு தெருமுனையில நின்னு ‘சாமீ’ன்னு கூப்பிடாது. நேரா உள்ள வந்துரும்.”

மிராசுதாரின் மகன் உடம்பில் சேரியின் ரத்தத்தை ஒரு கொசு கலந்திருக்கக்கூடும். எந்த ஆற்றில் முழுக்குப் போட்டு அதைக் கழுவுவது? சாஸ்திரத்தில் அதற்கு இடமில்லை. ஆனாலும், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அவரை அசைத்தது இந்த நியாயம் அல்ல. அவர் கண் நாற்று முடிகளின் மேல் போய்ப் போய் வந்தது. அந்த நாற்றுதான் அசைத்தது.

குரலைத் தணித்துக்கொண்டார். “இதோ பார் இசக்கி. உன் பொண்ணுக்கு வேண்டிய மருந்தை நான் வாங்கித் தரேன். இலவசமாத் தரேன். நீ இறங்கு. நீ இறங்கினா எல்லாரும் இறங்குவா.”

மாடத்தியின் உள்ளங்கை குளிர ஆரம்பித்திருந்தது. இசக்கித்தாய் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். மூத்தவனின் கையும் இப்படித்தான் குளிர்ந்தது. வெயிலாச்சி அவளைப் பார்க்காமல் மலையைப் பார்த்தாள். அவளுக்கும் காய்ச்சல் முறை உண்டு, வீட்டில் ஒரு பேரனும் படுத்திருந்தான்.

“தாங்க சாமி,” என்றாள் இசக்கித்தாய்.

ஆள் ஓடினான், பொட்டணங்கள் வந்தன. அவள் ஒன்றைப் பிரித்து மகளின் நாக்கில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்து அழுதது. மிராசுதார் குடையை மடக்கினார்.

“ரொம்ப புண்ணியம் சாமி,” என்று சொல்லிவிட்டு இசக்கித்தாய் திரும்பவும் வரப்பில் உட்கார்ந்தாள். “இது எம் பிள்ளைக்கு ஆச்சு. மத்தப் பிள்ளைகளுக்கு?”

“துரோகி!” என்று கத்தினார்.

“இறங்குதேன்னு நான் சொல்லவே இல்லையே சாமி. தாங்கன்னுதானே சொன்னேன்?”

வெயிலாச்சி குலவையிட்டாள். வரப்பு முழுவதும் குலவை எழுந்தது. மழை மேகம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நடுவதற்கு ஒரு கைகூட வயலில் இல்லை. மிராசுதார் வரப்பின் நீளத்தைப் பார்த்தார்; மேகத்தைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், “அந்தப் பஞ்சாபகேசனை வரச் சொல்லு. பெட்டியோட வரச் சொல்லு,” என்றார். நேற்றுவரை இல்லாத உத்தரவு அந்த நிமிஷமே எங்கிருந்தோ வந்துவிட்டது!

பஞ்சாபகேசன் தகரப் பெட்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கி வந்தார். முதல் பொட்டணத்தை எடுத்தார். வெயிலாச்சி கை நீட்டினாள். தொட்டுவிடாமல் உயரத்திலிருந்து போட்டார். காற்றில் விலகி, வயல் நீரில் விழுந்தது. காகிதம் ஊறிப் பிரிந்தது. வெள்ளைப் பொடி சேற்றில் கரைந்து போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த மருந்து நாத்துக்கு ஆச்சு,” என்றாள் இசக்கித்தாய். “அடுத்ததைக் கையில தாங்க சாமி.”

அவர் மிராசுதாரைப் பார்த்தார். மிராசுதார் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாபகேசன் இரண்டாவது பொட்டணத்தை எடுத்தார். கை பாதி தூரத்தில் நின்றது. குனிந்தார், வெயிலாச்சியின் உள்ளங்கையில் வைத்தார். வானம் இடிந்து விழவில்லை. மூன்றாவது பொட்டணத்துக்கு அவர் கை பாதியில் நிற்கவில்லை.

தெரு அந்த வருஷமும் திறக்கவில்லை, அதற்கு அடுத்த வருஷமும் திறக்கவில்லை. அதற்கு இன்னும் எத்தனையோ பேர் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் வாரம் ஒருநாள் வாய்க்கால் மதகடியில் பஞ்சாபகேசன் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார்.

அந்த நடவு நாளில், பொட்டணம் வாங்கிய பெண்கள் வயலில் இறங்கப் போனபோது இசக்கித்தாய் குறுக்கே கை நீட்டித் தடுத்தாள். “பொடியை முந்தியில முடியாதீய. கழுத்துல கட்டாதீய. காய்ச்சக்காரி எல்லாரும் இங்கனயே, எம் முன்னால முழுங்கணும். நாளைக்கும், நாளை கழிச்சும். வீட்டுல கெடக்குத பிள்ளைகளுக்கு நானே வந்து குடுப்பேன்.”

“நான் பைய வீட்டுல போய்த் திங்கேன்டி, கசக்குமே,” என்றாள் வெயிலாச்சி.

“வாயைத் திற.”

வெயிலாச்சி திறந்தாள். இசக்கித்தாய் பொடியைக் கொட்டினாள். விழுங்கும்வரை நகராமல் நின்று பார்த்துவிட்டு, அடுத்தவளிடம் போனாள்.